ரன்-அவுட் டேட்டா நார்மலாக வரவில்லை. சிபிகே போடலாமா, கூடாதா?

கேள்வி
12 பிப்ரவரி 2024, காலை 8.10

ஓசூரில் ஒரு மிஷினிங் கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறேன். சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. ஒரு ஷாஃப்டுக்குப் பிபிஏபி (கஸ்டமர் ஒப்புதல் வாங்கும் கோப்பு) அனுப்ப வேண்டும். ரன்-அவுட் (ஷாஃப்ட் சுழலும்போது டயலில் தெரியும் ஆட்டம்) அதிகபட்சம் 0.05 மி.மீ. 100 பீஸ் அளந்தேன். மினிடேப் மென்பொருளில் நார்மாலிட்டி டெஸ்ட் போட்டால் பி-வேல்யூ 0.005-க்கும் கீழே வருகிறது, அதாவது டேட்டா மணி வடிவத்தில் (நார்மல்) இல்லை. அப்படியே கணக்குப் போட்டால் சிபிகே (ப்ராசஸ் எல்லைக்குள் எவ்வளவு வசதியாக அடங்குகிறது என்ற எண், பெரிதாக இருந்தால் நல்லது) 0.9 சொச்சம். டேட்டாவை மணி வடிவத்துக்கு மாற்றும் ஜான்சன் ட்ரான்ஸ்ஃபர்மேஷன் போட்டால் 1.7-க்கு மேல் போகிறது. மேனேஜர் ஜான்சனையே அனுப்பச் சொல்கிறார். நார்மல் இல்லாத டேட்டாவுக்கு சிபிகே போடவே கூடாது என்கிறார் கூட வேலை செய்பவர்.

இன்னொன்று. அதே கஸ்டமருக்குப் போகும் அலுமினியம் ஹவுசிங்கில் லீக் டெஸ்ட் உண்டு. 300 பீஸில் ஒன்றுகூட ஃபெயில் ஆகவில்லை. அதற்கும் சிபிகே கேட்கிறார்கள். பாஸ்-ஃபெயிலுக்கு ஏது சார் சிபிகே?


பதில்
12 பிப்ரவரி, இரவு 9.40

0.9 என்றதும் ஒரு சந்தேகம். கீழ் எல்லைக் கட்டத்தில் 0 போட்டீர்களா? போட்டிருந்தால் அந்த எண்ணைத் தூக்கி எறியுங்கள். ரன்-அவுட்டுக்குக் கீழ் எல்லையே கிடையாது. பூஜ்யம் என்பது நாம் போய்ச் சேர நினைக்கிற இடம். அதைப் போய் எல்லை என்று மென்பொருளிடம் சொன்னால், பீஸ் நன்றாக வர வர "எல்லையை நெருங்குகிறாய்" என்று அது குறை சொல்லும். கட்டத்தைக் காலியாக விடுங்கள், அல்லது 0 போட்டு அது பௌண்டரி என்று டிக் செய்யுங்கள். மேல் பக்கத்துக் கணக்கு மட்டும் வரும்.

இது எவ்வளவு மோசம் என்றால், ஷாஃப்டின் மையம் எல்லாத் திசையிலும் சமமாகச் சிதறி, சராசரியில் சரியாக மையத்திலேயே நிற்கிறது என்று வையுங்கள். அப்போது ரன்-அவுட்டின் வடிவம் ரேலே பரவல், பூஜ்யத்தில் தொடங்கி வலது பக்கம் வால் நீட்டும் வளைவு. அதில் சராசரிக்கும் சிக்மாவுக்கும் (சிதறலின் அளவு) உள்ள விகிதம் மாறவே மாறாது, 1.91. அதை மூன்றால் வகுத்தால் 0.64. ரன்-அவுட் 50 மைக்ரான் (0.05 மி.மீ.) வந்தாலும் 5 மைக்ரான் வந்தாலும், கீழ் எல்லை 0 என்று போட்டவருக்கு அந்தப் பக்கத்து எண் 0.64-தான். உலகத்திலேயே நல்ல லேத்தைக் கொண்டுவந்து வைத்தாலும் அதைத் தாண்ட முடியாது.

நண்பர் சொன்னது பாதி சரி. சிபிகே என்பது எல்லைக்கும் சராசரிக்கும் நடுவில் எத்தனை மூன்று-சிக்மா அடங்குகிறது என்கிற விகிதம். எந்த டேட்டாவுக்கும் அதைப் போட்டு ஒரு எண்ணை எடுக்கலாம். "1.33 என்றால் பத்து லட்சத்தில் 32 பீஸ்தான் அந்தப் பக்கம் போகும்" என்று அந்த எண்ணை பீஸ் கணக்காக மாற்றுகிறோமே, அங்கேதான் மணி வடிவம் தேவைப்படுகிறது. கஸ்டமர் மனதில் ஓடுவதும் அந்த பீஸ் கணக்குத்தான்.

நாளை ஒரு கணக்கோடு வருகிறேன். அதற்குள் 100 பீஸையும் அளந்த வரிசையில் ஒரு கன்ட்ரோல் சார்ட்டில் (சராசரிக்கு மேலும் கீழும் மூன்று சிக்மாவில் கோடு போட்ட வரைபடம்) வையுங்கள். ஹிஸ்டோகிராம் அப்புறம்.


13 பிப்ரவரி, இரவு 10.15

ரன்-அவுட்டை விட ஒரு ஃபிளாஞ்சில் இருக்கும் துளையின் பொசிஷனில் (மையம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து எவ்வளவு விலகியது என்பதில்) இதைக் காட்டுவது எளிது. நான் பல வருடம் மல்லுக்கு நின்ற விஷயமும் அதுதான்.

துளையின் மையம் இரண்டு அச்சிலும் தனித்தனியாக 25 மைக்ரான் சிக்மாவோடு சிதறுகிறது, இரண்டிலும் சராசரி சரியாகப் பூஜ்யத்தில் நிற்கிறது என்று வைப்போம். பொசிஷன் டாலரன்ஸ் விட்டக் கணக்கில் 0.20 மி.மீ. சிஎம்எம் (ஆயத்தொலைவு அளக்கும் மிஷின்) அச்சடித்துக் கொடுக்கும் பொசிஷன் எண்களின் சராசரி 62.7 மைக்ரான் வரும், சிக்மா 32.8. வழக்கமான சூத்திரம்: 200-இலிருந்து 62.7 போக 137.3, அதை 98.4-ஆல் வகுத்தால் 1.40. எல்லாருக்கும் மகிழ்ச்சி. மணி வடிவத்தை நம்பி பீஸ் கணக்குப் போட்டால் பத்து லட்சத்துக்கு 14.

உண்மையில் எத்தனை? ரேலேயில் நேராகக் கணக்குப் போட்டால் 335. இருபது மடங்குக்கும் மேல். பொய் ஒன்றும் சொல்லாமலே, சரியான சூத்திரத்தில் சரியான எண்களைப் போட்டே இது நடந்துவிடுகிறது. எனக்கு இது புரிந்த அன்று இரவு தூக்கம் வரவில்லை, அதுவரை நான் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டுகள் எல்லாம் கண்முன்னே வந்தன.

இதற்கு வழி 1989-இலேயே வந்துவிட்டது. கிளெமென்ட்ஸ் என்பவர் எளிமையாக யோசித்தார். மணி வடிவத்தில் சராசரிக்கு மேல் மூன்று சிக்மா என்பது 99.865 பெர்சன்டைல், அதாவது 99.865 சதவீத பீஸ் அதற்குக் கீழே இருக்கும். அப்படியென்றால் எந்த வடிவமாக இருந்தாலும் அதன் 99.865 பெர்சன்டைலை எடு, சராசரிக்குப் பதில் மீடியனை (பாதி பீஸ் கீழே, பாதி மேலே இருக்கும் எண்) எடு, அதே விகிதத்தைப் போடு. ஐஎஸ்ஓ 22514 வரிசையின் இரண்டாம் பகுதியும் இந்தப் பாதையில்தான் போகிறது. நம் துளைக்கு மீடியன் 58.9, 99.865 பெர்சன்டைல் 181.8. 141.1-ஐ 122.9-ஆல் வகுத்தால் 1.15.

இன்னொரு வழி, 335-இலிருந்து பின்னால் வருவது. மணி வடிவத்தில் பத்து லட்சத்தில் 335 வெளியே போக 3.4 சிக்மா தள்ளி எல்லை இருக்க வேண்டும். மூன்றால் வகுத்தால் 1.13. இரண்டு வழியும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வருகின்றன. 1.40 மட்டும்தான் ஊரை விட்டுத் தள்ளி நிற்கிறது.


13 பிப்ரவரி, இரவு 11.05

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் கேட்டிருக்கிறார்: "99.865 பெர்சன்டைலை என் 100 பீஸிலிருந்தே எடுத்துக்கொள்ளலாமா?" முடியாது. அந்தக் கோட்டுக்கு வெளியே சராசரியாக ஒரு பீஸாவது விழ வேண்டுமென்றால் 740 பீஸ் வேண்டும். 100 பீஸை வைத்துச் சொல்வது, பொருத்திய வளைவை நம்பி டேட்டா இல்லாத இடத்துக்குக் கோட்டை நீட்டுவது. அதனால்தான் வளைவை இயற்பியலிலிருந்து எடுக்க வேண்டும் என்கிறேன். பதினான்கு வளைவுகளில் எதற்குப் பி-வேல்யூ அதிகமோ அதைத் தேர்ந்தெடுப்பது எனக்கு ஒப்பவில்லை. ரன்-அவுட், பொசிஷன் என்றால் ரேலே அல்லது அதன் உறவுக்காரரான வெய்புல் என்று காரணம் சொல்ல முடியும். ஜான்சனுக்கு என்ன காரணம் சொல்வீர்கள்?


14 பிப்ரவரி, காலை 6.50

ஜான்சன் பற்றி. ஷிப்டுக்குப் போகும் முன் எழுதிவிடுகிறேன்.

என் பழைய கம்பெனியில், இரண்டு ஸ்பிண்டில் (சுழல்தண்டு) மிஷினில் ஒரு போர் (கடைந்த உள்துளை) ஓடியது. 125 பீஸ் எடுத்தோம். ஹிஸ்டோகிராமில் ஒட்டகத்துக்கு இருப்பது போல இரண்டு திமில். பி-வேல்யூ இல்லை என்றே சொல்லலாம். எனக்கு அப்போது இருபத்தாறு வயது, பிபிஏபி தேதி மறுநாள். ஜான்சன் பொருத்தினேன், அழகாகப் பொருந்தியது, பிபிகே (சிபிகே போன்றதே, மொத்தச் சிதறலையும் வைத்துப் போடுவது) 1.71. ஏற்பு எல்லை 1.67. கையெழுத்துப் போட்டேன்.

ஏன் அழகாகப் பொருந்தியது என்று வெகுநாள் கழித்துத்தான் படித்தேன். ஜான்சனின் குடும்பங்களில் ஒன்று இரண்டு பக்கமும் எல்லை கட்டியது. அது இரட்டைத் திமிலையும் விழுங்கிக்கொள்ளும். விழுங்கிவிட்டு, "இதற்கு வெளியே எதுவும் வராது" என்று இரண்டு பக்கமும் சுவர் எழுப்பும். வால் என்ற ஒன்றே இல்லாமல் போகும். வால் இல்லாவிட்டால் பிபிகே எகிறாமல் என்ன செய்யும்?

மூன்று மாதம் கழித்து கஸ்டமர் லைனிலிருந்து பீஸ் திரும்பி வந்தது. சிவப்பு டேக் கட்டிய நான்கு டிரேக்கள், நடுவில் எங்கள் மேனேஜர், நான். அப்போது அந்த மிஷினில் இருபது வருடம் வேலை பார்த்த ஆபரேட்டர் அண்ணன் வந்து, "தம்பி, ரெண்டாவது ஸ்பிண்டில் எப்பவுமே கொஞ்சம் பெருசாத்தான் அடிக்கும், எங்க எல்லாருக்கும் தெரியுமே" என்றார். பழைய 125 பீஸை ஸ்பிண்டில் வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். இரண்டுமே நல்ல மணி வடிவம். ஒன்றுக்கு 2-க்கு மேல். மற்றதற்கு 0.9. டேட்டா முதல் நாளே சொல்லியிருக்கிறது, நான் அதன் வாயைக் கணக்குப் போட்டு மூடினேன்.

அதனால் உங்கள் மேனேஜர் சொன்னார் என்பதற்காக 1.7-ஐ அனுப்ப வேண்டாம். அந்த ரிப்போர்ட்டில் கையெழுத்து உங்களுடையது.


14 பிப்ரவரி, இரவு 9.20

கேட்டவர் சார்ட் அனுப்பியிருக்கிறார். பார்த்ததும் முதல் நாள் நான் எழுதியதையே மாற்ற வேண்டியிருக்கிறது.

100 பீஸிலும் வந்த மதிப்புகள் 0, 0.01, 0.02, 0.03, 0.04. ஐந்தே எண்கள். கேஜ் என்னவென்று கேட்டேன், 0.01 லீஸ்ட் கவுண்ட் டயல், அதாவது அதைவிடச் சிறியதைக் காட்டாது. இதில் நார்மாலிட்டி டெஸ்ட் தோற்பதற்கு ப்ராசஸே தேவையில்லை. மினிடேப் போடும் ஆண்டர்சன்-டார்லிங் நார்மாலிட்டி டெஸ்ட் தொடர்ச்சியான எண்களை எதிர்பார்க்கிறது. நாம் ஐந்து படிக்கட்டைக் கொடுத்தால் நிச்சயம் தோற்கும். நான் வடிவத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். கேஜைப் பற்றித்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

தொடர்ச்சியான ஒன்றை இப்படி முரட்டுத்தனமாக வெட்டினால் சிபிகேவும் கெடுகிறது. ஒரு போர், மொத்த டாலரன்ஸ் 0.05, உண்மையான சிக்மா 0.005 என்றால் சிபி (சராசரி நடுவில் நிற்பதாக வைத்துப் போடும் சிபிகே) 1.67. அதை 0.01 கேஜில் அளந்தால், வெட்டிய அளவின் வர்க்கத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு வேரியன்ஸாக (சிக்மாவின் வர்க்கம்) கூடுகிறது. சிக்மா 0.0058 ஆகிறது, சிபி 1.44 ஆகக் குறைகிறது. ப்ராசஸ் அப்படியே இருக்கிறது, கேஜ்தான் 0.23-ஐத் தின்றுவிட்டது. இந்த இடத்தில் எந்த ட்ரான்ஸ்ஃபர்மேஷனும் உதவாது.

0.001 லீவர் டயலில் மறுபடி அளக்கச் சொல்லியிருக்கிறேன். இன்னொரு வேலையும் கொடுத்திருக்கிறேன்: பீஸைப் பிடிக்கும் சக்கிலிருந்து கழற்றும் முன், ஒன்றாம் நம்பர் ஜாவுக்கு (சக்கின் பிடிதாடை) நேரே ஒவ்வொரு பீஸிலும் மார்க்கர் கோடு. அளக்கும்போது முள் எந்த இடத்தில் உச்சிக்குப் போகிறது என்று அந்தக் கோட்டிலிருந்து கோணத்தைக் குறிக்க வேண்டும். எதற்கு என்று அப்புறம் சொல்கிறேன்.


15 பிப்ரவரி, இரவு 8.30

துளைக் கணக்கில் ஒரு திருத்தம். 335 என்று 13-ஆம் தேதி எழுதினேன். மையம் இரண்டு அச்சிலும் சரியாக நிற்கிறது என்ற அனுமானத்தோடுதான் அது. அதை ஒரு வரியில் கடந்துவிட்டேன், தவறு. ஒரே ஒரு அச்சில் வெறும் 20 மைக்ரான் நகர்ந்தால் 335 என்பது சுமார் 1,660 ஆகிவிடும். ஐந்து மடங்கு.

சரி, அந்த 20 மைக்ரானைப் பொசிஷன் எண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா? முடியவே முடியாது. 0.08 என்று சிஎம்எம் சொல்கிறது. எந்தப் பக்கம் 0.08? தெரியாது. இரண்டு அச்சின் விலகலையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வேர் எடுக்கும்போது பிளஸ், மைனஸ் இரண்டும் போய்விடுகின்றன. திசை செத்துவிடுகிறது.

ஆனால் அதே சிஎம்எம் பிரிண்டில் இரண்டு வரி மேலே இரு அச்சின் அளவும் தனித்தனியாக இருக்கும். அவற்றைச் சார்ட்டில் வையுங்கள். பெரும்பாலும் நல்ல மணி வடிவம். ஒன்று 20 மைக்ரான் தள்ளி நின்றால் கண்ணில் அடிக்கும். ஆபரேட்டர் ஆஃப்செட் பக்கத்தில் ஒரு எண்ணை மாற்றினால் முடிந்தது. நார்மல் இல்லாத டேட்டாவுக்கு எந்தச் சூத்திரம் என்று நான் இரண்டு வருடம் தேடிக்கொண்டிருந்தபோது நார்மலான டேட்டா அதே தாளில் இரண்டு வரி மேலே இருந்தது.

இதற்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்தது. நார்மல் இல்லாத டேட்டா கையில் வந்தால் முதலில் கேட்பேன்: இந்த எண் என் கைக்கு வரும் வழியில் எதை இழந்தது? பொசிஷன் திசையை இழந்தது. ஐந்து படிக்கட்டு ரன்-அவுட் நுணுக்கத்தை இழந்தது. என் போர் எந்த ஸ்பிண்டில் என்பதை இழந்தது. பாஸ்-ஃபெயில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் இழந்தது.


16 பிப்ரவரி, மாலை 7.00

லீக் டெஸ்டுக்கு வருகிறேன். 300-இல் பூஜ்யம்.

சோதித்ததில் ஒன்றுகூட ஃபெயில் இல்லை என்றால், 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லக்கூடிய மேல் வரம்பு ஏறக்குறைய மூன்றை எண்ணிக்கையால் வகுத்தது. 3-ஐ 300-ஆல் வகுத்தால் நூற்றுக்கு ஒன்று. "எங்கள் ரிஜெக்ஷன் 1 சதவீதத்துக்கு மேல் இருக்காது என்று நம்புகிறோம்" என்பதுதான் அந்த 300 பீஸின் முழுச் சாட்சியம். அதை சிபிகேயாக மாற்றினால் 0.78-க்குக் குறையாது என்று மட்டும் சொல்லலாம். 1.33-க்குச் சமமாகப் பத்து லட்சத்தில் 32 என்று காட்ட வேண்டுமானால், ஒன்றுகூடத் தோற்காமல் சுமார் 94,000 பீஸ் தொடர்ந்து பாஸ் ஆக வேண்டும்.

இதைச் சொன்னால் கஸ்டமர் கோபப்படுவார் என்று பயம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் 300-இல் பூஜ்யம் என்பதை வைத்து "சிபிகே 1.67" என்று எழுதி அனுப்பிய தாள்களைப் பார்த்திருக்கிறேன். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று எழுதியவரைக் கேட்டால் அவருக்கே தெரியாது. வண்டியில் ஏறப்போகிற ஒரு பாகத்துக்கு அப்படி ஒரு எண்ணை எழுதக் கூடாது.

செய்ய வேண்டியது: லீக் டெஸ்டர் பச்சை, சிவப்பு விளக்கு மட்டும் எரிவதில்லை. காற்றை அடைத்து அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்துவிட்டுத்தான் விளக்கைப் போடுகிறது. திரையில் அந்த எண் ஓரிரு விநாடி நிற்கும். அதை எழுதி வையுங்கள், முடிந்தால் மிஷினிலிருந்தே இறக்குங்கள். 300 பச்சை விளக்கில் கிடைக்காத செய்தி அந்த எண்களில் 50 இருந்தாலே கிடைக்கும். எல்லாம் எல்லைக்கு வெகு தூரத்தில் இருக்கின்றனவா, அல்லது நூலிழையில் தப்பிக்கின்றனவா என்பது தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. அந்த எண் சில சமயம் மைனஸில் வரும், கேஜ் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். கழுவி எடுத்த சூட்டோடு காஸ்டிங்கை வைத்தால் உள்ளே போன காற்று சூடேறி அழுத்தம் கூடும். கசிவு குறைவாகத் தெரியும். சில சமயம் உண்மையான கசிவையே அது மறைத்துவிடும். ஆறவைத்து அளக்க வேண்டும்.


16 பிப்ரவரி, இரவு 10.40

"பூஜ்யம் வந்தால் சரி. எங்களுக்கு ப்ளோ ஹோல் (காஸ்டிங்கில் காற்று அடைத்து விழும் ஓட்டை) எண்ணிக்கை வருகிறது. அதை என்ன செய்ய?" என்று கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, எண்ணுகிற டேட்டாவில் இன்னும் கொஞ்சம் ரத்தம் இருக்கிறது.

500 காஸ்டிங், 100 ஹோல் என்று வைப்போம். ஒரு பீஸுக்கு 0.2. ஹோல்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுகின்றன என்றால் அது பாய்சான் பரவல். அப்போது ஹோலே இல்லாத பீஸ் 81.9 சதவீதம் இருக்க வேண்டும், அதாவது 409. இப்போது உண்மையில் சுத்தமான பீஸை எண்ணுங்கள். 410 வந்தால் பாய்சான் சரி, பீஸுக்கு எத்தனை குறை என்ற எண்ணையே அனுப்பலாம். 450 வந்தால்? 100 ஹோலும் 50 பீஸில் குவிந்திருக்கின்றன. பாய்சானை நம்பிப் போட்ட எந்தக் கணக்கும் அங்கே செல்லாது. அதைவிட முக்கியமாக, அந்த 50 பீஸ் எப்போது வந்தன என்று பாருங்கள்.

நான் பார்த்த ஒரு டை காஸ்டிங் லைனில் அந்தக் குவியல் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு வந்தது. அரை மணி நேரம் மிஷின் நின்றால் டை ஆறிவிடும், முதல் சில ஷாட் (ஒவ்வொரு முறை உலோகத்தை டையில் அடிப்பதும் ஒரு ஷாட்) கெட்டுப்போகும். அவற்றை மறுபடி உருக்கப் போட வேண்டும் என்று விதி இருந்தது, ஆனால் எத்தனை ஷாட் என்று எழுதி வைக்கவில்லை. ஒரு ஷிப்டில் ஐந்து, இன்னொன்றில் பத்து. பாய்சான் பொருந்தவில்லை என்ற ஒரு வரிதான் அதைக் காட்டிக் கொடுத்தது.


17 பிப்ரவரி, காலை 7.15

கன்ட்ரோல் சார்ட் போடவும் நார்மல் வேண்டாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம். 1924 மே 16 அன்று அமெரிக்காவின் ஷூஹார்ட் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்த குறிப்பிலிருந்து பிறந்தது அந்தச் சார்ட். மூன்று சிக்மாவை அவர் அனுபவத்தில் நன்றாக வேலை செய்கிறது என்றுதான் எடுத்துக்கொண்டார். எந்த வளைவையும் சத்தியம் செய்து கேட்கவில்லை. அவர் 1947-48-இல் இந்தியாவுக்கும் வந்து போனார், நம் புள்ளியியலாளர் மகலனோபிஸ் அழைத்து. நம் ஊர்த் தொழிற்சாலைகளில் அந்தச் சார்ட் தொங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வருகை நினைவுக்கு வரும்.

இன்று சனிக்கிழமை. ஓசூரிலிருந்து புதிய டேட்டா வரும் என்று காத்திருக்கிறேன்.


17 பிப்ரவரி, இரவு 9.55

வந்தது. மூன்று முறை படித்தேன்.

0.001 டயலில் 100 பீஸ். சராசரி 22 மைக்ரான், சிக்மா 8. நார்மாலிட்டி டெஸ்ட்டில் பாஸ்! பி-வேல்யூ 0.2-க்கு மேல். மேல் பக்கத்துக்கு மட்டும் போட்டால் 28-ஐ 24-ஆல் வகுத்து 1.17. கேட்டவருக்கு ஒரே சந்தோஷம், "நார்மல் ஆகிவிட்டது சார், இப்போது தைரியமாக சிபிகே போடலாம்" என்று எழுதியிருக்கிறார்.

அந்தச் சந்தோஷத்தில்தான் எனக்குத் திக்கென்றது. மையத்தைச் சுற்றி ஒழுங்காகச் சிதறும் ஷாஃப்டின் ரன்-அவுட் பூஜ்யத்தின் பக்கம் ஒட்டிக்கொண்டு வலது பக்கம் வால் நீட்டி வர வேண்டும். அது மணி போல நடுவில் எழுந்து நிற்கிறது என்றால், மொத்தக் கூட்டமும் மையத்தை விட்டு ஒரு பக்கமாக நகர்ந்திருக்கிறது. இந்த இடத்தில் நார்மல் என்பது கோளாறின் அறிகுறி.

முதல் நாளே இதைப் பிடித்திருக்கலாம். சரியாக மையத்தில் நின்றால் 0.64 என்று நானே எழுதினேன். அவர் சொன்னது 0.9. 22-ஐ 24-ஆல் வகுத்தால் வருகிற அதே 0.9. 0.64-க்கு மேலே போனதே கூட்டம் மையத்தை விட்டு விலகியிருக்கிறது என்பதற்குச் சாட்சி. எண்ணைத் தூக்கி எறியச் சொன்னேனே தவிர, அது என்ன சொல்கிறது என்று கேட்கவில்லை.

கோணங்களையும் அனுப்பியிருக்கிறார். தொண்ணூறுக்கு மேற்பட்ட பீஸில் உச்சி இரண்டாம் ஜா இருக்கும் பக்கத்திலேயே. ஜா தேய்ந்திருக்க வேண்டும், அல்லது அடியில் சில்லு மாட்டியிருக்க வேண்டும்.


19 பிப்ரவரி, இரவு 10.30

சாஃப்ட் ஜாக்களை (கடைந்து சரிசெய்யக்கூடிய ஜா) இன்று காலை கழற்றி மாட்டி, மறுபடி கடைந்திருக்கிறார்கள். இரண்டாம் ஜாவின் இருக்கையில் நசுங்கிய சில்லு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்ததாம்.

புதிய 125 பீஸ்: சராசரி 10 மைக்ரான், மீடியன் 9.4, உச்சிகள் எல்லாப் பக்கமும் சிதறியிருக்கின்றன. பி-வேல்யூ மறுபடி 0.005-க்குக் கீழே. இந்த முறை அதைப் பார்த்து நாங்கள் இருவரும் மகிழ்ந்தோம். ரேலே பொருத்தினால் 99.865 பெர்சன்டைல் 29.1. 40.6-ஐ 19.7-ஆல் வகுத்து பிபிகே 2.06. கீழ் எல்லையில் 0 போட்டுப் பார்த்தாராம், 0.9 இருந்த இடத்தில் 0.64 வந்தது. பீஸ் இரண்டு மடங்கு நன்றாக வந்தும் எண் இறங்கிவிட்டது. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து மேனேஜருக்குக் காட்டச் சொன்னேன்.

ரிப்போர்ட்டில் என்ன எழுதுவது என்று கேட்டார். நான் சொன்னது: ஒரு பக்க ஸ்பெக், ரேலே, காரணம் ஒரு வரி, பெர்சன்டைல் முறை, பிபிகே 2.06, கூடவே 125 பீஸின் வரிசைச் சார்ட். அப்புறம் அந்த எண்ணுக்கு அருகில் அதன் வீச்சும். 30 பீஸில் வந்த 1.33 என்பது 0.97 முதல் 1.69 வரை எதுவாகவும் இருக்கலாம். 100 பீஸில் வந்தாலும் 1.13 முதல் 1.53 வரை. மணி வடிவத்துக்கே இந்தக் கதி என்றால் மற்ற வடிவங்களில் இரண்டாம் தசமத்துக்காகச் சண்டை போடுவது வீண்.


22 பிப்ரவரி, இரவு 9.10

ஷாஃப்ட் ரிப்போர்ட் போய்விட்டது. கஸ்டமர் தரப்பிலிருந்து ஒரே ஒரு கேள்வி வந்திருக்கிறது: ஜா எத்தனை பீஸுக்கு ஒருமுறை சரிபார்க்கப்படும்? கன்ட்ரோல் பிளானில் இன்னும் அது இல்லை. ஷிப்டுக்கு ஒரு பீஸில் மார்க்கர் கோடு போட்டு, உச்சி எந்தப் பக்கம் என்று குறிக்க முடிவு செய்திருக்கிறார்கள். மூன்று ஷிப்டு தொடர்ந்து ஒரே ஜாவின் பக்கம் வந்தால் கழற்றிப் பார்ப்பது. ஒரு பீஸுக்கு அரை நிமிடம்கூட ஆகாது.

லீக் டெஸ்ட் இன்னும் முடியவில்லை. டெஸ்டரிலிருந்து இறக்கிய 280 எண்களை அனுப்பியிருக்கிறார். பெரும்பாலானவை எல்லையில் கால்வாசிக்குக் கீழே. பதினோரு பீஸ் மட்டும் முக்கால்வாசிக்கு மேலே ஏறி நிற்கின்றன, எல்லாமே பச்சை விளக்கு வாங்கியவை. அந்தப் பதினொன்றின் ஷாட் நேரத்தை எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அவர் பதில் வந்ததும் இங்கேயே பதிகிறேன்.